அப்புறமா வர்றேன் என்ற பிள்ளை

கரடிச்சோலை எஸ்டேட்டில் ஆடி மழை பிடித்துக்கொண்டு விடாமல் கொட்டிய ஒரு பகலில், ஆவுடைத்தாயின் பிள்ளை பிறப்பதற்காக இறங்கி வந்து, வழி போதாமல், வந்த இடத்துக்கே திரும்பிப் போனது.

ஆவுடைத்தாய் சங்கரன்கோயில் பக்கத்துக் கரிசல் காட்டுக்காரி. தாயில்லாத பெண். தண்ணீருக்கு நடந்து நடந்தே வளர்ந்தவள். சண்முகையாவைக் கட்டிக்கொண்டு மலையேறியபோதுதான் தண்ணீர் தானாக வீட்டுக்கு வரும் என்பதையும், வந்தால் போகாது என்பதையும் கண்டாள். மலையில் எல்லாரும் எங்கிருந்தோ வந்தவர்கள். இருந்தாலும் வந்தவர்களுக்குள் பேச்சும் சிரிப்பும் சண்டையும் ஓடின. ஆவுடை மட்டும் தேயிலைச் செடிகளுக்கு நடுவே கூடையைச் சுமந்துகொண்டு, யாராவது கேட்டால் ஒரு வார்த்தை, கேட்காவிட்டால் அதுவும் இல்லை என்று இருந்தாள். பேசப் பிடிக்காதவள் என்று லயத்து வரிசை வீடுகளில் முடிவு கட்டிவிட்டார்கள். உண்மையில் அவளிடம் பேச்சு நிறைய இருந்தது. யாரிடம் தொடங்குவது என்றுதான் தெரியவில்லை.

வலி கண்டது கொழுந்து எடுக்கும் காட்டில். சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, பக்கத்து வீட்டு லூர்து அக்காவின் தோளைப் பிடித்தபடி டிஸ்பென்சரிக்கு நடந்தாள். டாக்டர் கீழே சமவெளிக்குப் போயிருந்தார். அவரைக் கூட்டிவரக் கிளம்பிய ஜீப், கொண்டை ஊசி வளைவு ஒன்றில் மலையே சரிந்து ரோட்டில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தது. அன்னம்மா சிஸ்டர் ஒருத்திதான் இருந்தாள். கோட்டயத்துக்காரி, மலையில் பாதிப் பிள்ளைகளைக் கையில் வாங்கியவள். அவள் தொட்டுப் பார்த்தாள், காத்திருந்தாள், மறுபடி தொட்டுப் பார்த்தாள். கதவு முழுக்கத் திறந்திருக்கிறது, பிள்ளையின் தலை வாசலில் வந்து நிற்கிறது, ஆனால் ஒரு விரல் அளவுகூட உள்ளிருந்து நகரவில்லை.

"எலும்பு வழி போதலை" என்றாள் சிஸ்டர். "தலை பெருசுன்னும் சொல்ல முடியாது, வழி சின்னதுன்னும் சொல்ல முடியாது. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சேரலை, அவ்வளவுதான். கத்தி வச்சாத்தான் வரும். கத்தி கீழே இருக்கு."

கட்டும் பூட்டும் அவிழ்ந்தால் வயிறும் அவிழும் என்று லூர்து அக்கா ஓடினாள். லயத்தில் பூட்டியிருந்த பெட்டிகளையெல்லாம் திறக்கச் சொன்னாள், அடுக்குப்பானை மூடிகளைத் தூக்கச் சொன்னாள், முடிந்திருந்த கூந்தல்களை அவிழ்க்கச் சொன்னாள், கட்டியிருந்த ஆடுகளை அவிழ்த்துவிடச் சொன்னாள். மழையில் தலைவிரி கோலமாகப் பெண்களும் அவிழ்ந்த ஆடுகளும் திறந்த கதவுகளுமாக லயமே நின்றது. பிள்ளை வரவில்லை. ஆவுடையின் உதடு வெளுத்தது. சிஸ்டர் கழுத்துச் சிலுவையை வாயில் கவ்விக்கொண்டாள். அப்போது, எல்லா வலிக்கும் மேலான ஒரு வலியின் முடிவில், உள்ளிருந்து ஒரு குரல் வந்தது. குழந்தைக் குரலும் இல்லை, பெரியவர் குரலும் இல்லை. நன்றாகத் தூங்கி எழுந்தவர் போர்வைக்குள்ளிருந்து பேசுவது போல இருந்தது.

"வழி பத்தலம்மா. நீயும் முக்கி முக்கி ஓய்ஞ்சு போற. நான் அப்புறமா வர்றேன்."

பிறகு வலி, யாரோ விளக்கை இறக்கியது போல, தணிந்து தணிந்து நின்றது. வயிறு மேலே ஏறிக்கொண்டது. ஆவுடை கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டாள்.

சிஸ்டர் கை கழுவினாள். வெளியே நின்றவர்களிடம், "இப்ப இல்லையாம். அப்புறமா வருதாம்" என்றாள். அவர்களும் சரி என்று ஆடுகளைத் தேடிப் போனார்கள். அந்த மலையில் மழையும் அப்படித்தான், பஸ்ஸும் அப்படித்தான். அப்புறமா வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போவதையாவது மரியாதை என்றே எடுத்துக்கொண்டார்கள்.

ரோடு சரியாகி ஜீப் ஓட ஆரம்பித்ததும் சிஸ்டர் வந்து நின்றாள். "வா மோளே, கீழே போயிரலாம். டாக்டரம்மா வயித்தக் கிழிச்சு நோகாம எடுத்துருவாங்க." ஆவுடைக்குப் பயம். அவளுடைய ஊரில் ஆஸ்பத்திரிக்குப் போன பிள்ளைத்தாய்ச்சிகள் திரும்பியதை அவள் பார்த்ததில்லை. அவள் அம்மாவும் அப்படிப் போனவள்தான். "வலி இல்லையே சிஸ்டர்" என்றாள். "பிள்ளையும் நல்லாத்தான் இருக்கு. கேட்டுப் பாருங்க." சிஸ்டர் வயிற்றில் காதை வைத்துக் கேட்டாள். "நல்லாருக்கேன் சிஸ்டர். உங்க காது ஏன் இவ்வளவு சில்லுன்னு இருக்கு?" என்றது பிள்ளை. சிஸ்டர் ஜீப்பில் ஏறிப் போனாள்.

இப்படியாக ஆவுடைத்தாய் பிள்ளையைப் பெறாமலே தாயானாள்.

முதலில் லயத்தில் எழுந்த வழக்கு, குற்றம் தலையிலா வழியிலா என்பது. சண்முகையாவின் சித்தப்பா மக்கள் அடுத்த டிவிஷனில் இருந்தார்கள். எல்லாருக்கும் பெரிய தலை. தலைப்பாகைத் துண்டு வாங்கினால் ஒரு முழம் கூட வாங்குகிற குடும்பம். அந்தத் தலைதான் என்றார்கள் கிழக்கு லயத்துப் பெண்கள். பெண்ணுக்கு இடுப்பு வளரவில்லை, பஞ்சத்தில் பிறந்தவள், நாலு நல்லது தின்று வளர்ந்திருந்தால் எலும்பு விரிந்திருக்கும் என்றார்கள் மேற்கு லயத்தில். குழாயடியில் இந்தப் பேச்சு நாளெல்லாம் நடந்தது. ஆவுடை குடத்தை வைத்துக்கொண்டு வரிசையில் நின்று, தன் இடுப்பைப் பற்றித் தன் எதிரிலேயே பேசுவதைக் கேட்டாள். யாரும் அவளைக் கேட்கவில்லை. ஒரு நாள் பிள்ளையே உள்ளிருந்து, "ரெண்டு பேர் மேலயும் தப்பில்ல. தண்ணி வழியுது, குழாயை மூடுங்க" என்று சொன்ன பிறகுதான் வழக்கு முடிந்தது.

அதற்குப் பிறகு எல்லாரும் பிள்ளைக்குப் பழகிக்கொண்டார்கள். ஆவுடைக்குச் சரிவுகளில் வேலை வேண்டாம், சமமான காட்டில் கொழுந்து எடுக்கட்டும் என்று மேஸ்திரி சொன்னார். பஸ்ஸில் அவளுக்கு எப்போதும் இடம் கிடைத்தது. சர்ச்சில் ஃபாதர் பிறக்காத பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாமா என்று மேலிடத்தைக் கேட்டுப் பார்த்தார். மாரியம்மன் கோயில் பூசாரி, பிள்ளை இந்துப் பிள்ளை, முதலில் மொட்டை போட வேண்டும், மொட்டை போட முடி கைக்கு எட்டாதபடியால் பொறுத்திருக்கலாம் என்றார். எஸ்டேட் பள்ளிக்கூடத்து வாத்தியார் சாயங்காலம் வந்து வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தார்; பிள்ளை அதை ராகம் போட்டுத் திருப்பிச் சொன்னது. ஆணா பெண்ணா என்று ஆளாளுக்குப் பந்தயம் கட்டினார்கள். "எனக்கெப்படித் தெரியும்? இங்க இருட்டா இருக்கு" என்றது பிள்ளை.

கண்ணுக்கு வேலை இல்லாததற்கும் சேர்த்து அதற்குக் காது இருந்தது. மூங்கில் காட்டில் யானை மூச்சு விடுவதை அது லயத்தில் இருந்தே கேட்டது. சிறுத்தை எந்தப் பாதையில் இறங்குகிறது என்று சொன்னது. "மேற்கு லயத்துக்குப் பின்னால மண்ணு முனகுது" என்று ஒரு மழைநாளில் அது சொல்ல, ஜனங்கள் பாயையும் பாத்திரத்தையும் தூக்கிக்கொண்டு வெளியேற, மத்தியான வெளிச்சத்திலேயே எல்லார் கண் முன்னாலும் மேற்கு லயத்தின் பின்சுவர் மண்ணுக்குள் போனது. ஓர் உயிரும் சாகவில்லை. அன்றையிலிருந்து பிள்ளை எஸ்டேட்டின் பிள்ளை ஆகிவிட்டது. வேலைக்குப் போகும் முன் ஒருமுறை, வந்த பின் ஒருமுறை, ஆட்கள் ஆவுடையின் வாசலுக்கு வந்தார்கள். குனிந்து, அவள் முந்தானைக்கு அருகே வாயைக் கொண்டுபோய்ப் பேசினார்கள். பிள்ளை இல்லாதவர்கள் அழுதார்கள். மாமியார் கொடுமையைச் சொன்னவர்கள் உண்டு, வெறுமனே கதை பேசிவிட்டுப் போனவர்களும் உண்டு. பேசி முடித்ததும் நிமிர்ந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு வாசற்படியைத் தாண்டிப் போவதுபோல ஆவுடையைத் தாண்டிப் போனார்கள்.

அவள் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. அவளுக்குக் காய்ச்சல் வந்தால் பிள்ளைக்குச் சுடுமே என்று கஷாயம் கொண்டுவந்தார்கள். அவள் நெற்றியில் கை வைத்தவர்கள்கூட வயிற்றைப் பார்த்துத்தான், "இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டார்கள்.

சண்முகையா கெட்டவன் இல்லை. நாள் முழுக்கத் தேயிலை ஃபாக்டரியில் மெஷின் சத்தத்துக்குள் நின்றுவிட்டு வருகிறவன். வீட்டில் அமைதியாகச் சாப்பிட வேண்டும், சாப்பாட்டில் உப்புக் குறைந்தால் பெண்டாட்டியிடம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் அவன் ஆசை. ஆனால் உப்புக் குறைந்தது என்று அவன் சொல்வதற்கு முன்பே, "அப்பா மெல்லுற சத்தத்துல இருந்தே தெரியுது, உப்பு கம்மி" என்று பிள்ளை சொன்னது. அவன் ஆவுடையின் கையைப் பிடித்தால், "அப்பா நெஞ்சு ஏன் இப்படி ஓடுது?" என்று கேட்டது. அவன் கையை எடுத்துக்கொண்டான். ஒருநாள் பீடியைப் பற்றவைத்தபடி, வெளியே பார்த்துச் சொன்னான்.

"ஏளா, கீழ ஒரு மில்லுல ஆள் எடுக்காங்களாம்."

"போயிட்டு வாங்க."

"உன்னையும் கூட்டிட்டுத்தான் போகணும்னு இருக்கு. ஆனா..."

"அப்பாவுக்கு என் முன்னால பேசக் கூச்சமா இருக்கும்மா" என்றது பிள்ளை.

சண்முகையா பீடியை மிதித்து அணைத்தான். போனான். பொங்கலுக்கு வந்தான், மறு பொங்கலுக்கு வந்தான், பிறகு வருகிறவர்கள் போகிறவர்களிடம் விசாரித்து அனுப்பினான், பிறகு அதுவும் குறைந்தது.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கூட்டம் கலைந்து, கதவைச் சாத்தி, அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டு உட்கார்ந்ததும், ஆவுடை பேசத் தொடங்குவாள். கரிசல் காட்டைப் பற்றிப் பேசுவாள். தன் அம்மா உலையில் அரிசி போடும்போது வளையல் கிணுங்கியதைப் பற்றி, முதல்முதலாக மேகம் காலடியில் போவதைப் பார்த்து அதை மிதிக்காமல் தாண்டிப் போனதைப் பற்றி, யாரிடமும் எப்போதும் சொல்லாத அற்பமான விஷயங்களைப் பற்றியெல்லாம் பேசுவாள். பிள்ளை கேட்கும், சிரிக்கும், அப்புறம் என்னும். காட்டில் கொழுந்து கிள்ளும்போதும் பேசினார்கள். பக்கத்து வரிசைப் பெண்கள், ஆவுடைக்கு வாய் முளைத்துவிட்டது என்றார்கள். அது அவர்களுக்காக முளைத்த வாய் இல்லை.

"அம்மா, பச்சைன்னா என்ன?" என்று ஒருநாள் கேட்டது.

அவளைச் சுற்றிக் கண்ணுக்கு எட்டும்வரை அது தவிர வேறு ஒன்றும் இல்லை. அவள் ஒரு கொழுந்தைக் கிள்ளி வாயில் போட்டு மென்றாள். "இதுதான்" என்றாள்.

பிள்ளையும் அதை உள்ளிருந்து சுவைத்துப் பார்த்தது. "கசக்குது" என்றது. "ஆனா நல்லாருக்கு."

மழை முடிந்து ரோடு காயும்போதெல்லாம் அன்னம்மா சிஸ்டர் ஜீப்போடு வந்தாள். "போகலாமாம்மா?" என்று பிள்ளையும் கேட்டது. முதல் வருஷம் ஆவுடை பயத்தினால் மாட்டேன் என்றாள். அதற்குப் பிறகு பயம் போய்விட்டது. இருந்தும், "அடுத்த மழை போகட்டும் கண்ணு" என்றாள். எஸ்டேட்டும் வற்புறுத்தவில்லை. சிறுத்தை வரும் பாதையை யார் சொல்வது? மண் முனகுவதை யார் கேட்பது? சிஸ்டர் மட்டும் அவளை வெகுநேரம் பார்த்துவிட்டு, "உனக்குப் பேச ஆள் வேணும், அதான்" என்றாள். ஆவுடை தலையைக் குனிந்துகொண்டாள். அந்த மலையில் அவளுடைய முகத்தைப் பார்த்துச் சொல்லப்பட்ட வார்த்தை அது ஒன்றுதான், அதுவும் உண்மையாக இருந்தது.

மழைக்காலங்கள் வந்து போயின. பிள்ளை அளவில் வளரவில்லை, கனத்தில் வளர்ந்தது. ஆவுடையின் நடை அகன்றது. படியேறினால் இடுப்பெலும்புகள் உரசுவது அவளுக்கே கேட்டது. பிள்ளைக்கும் கேட்டிருக்கும், அது சொல்லவில்லை.

லூர்து அக்காவின் மகள் பிலோமி தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். நேரம் நெருங்கிவிட்டதால் வீட்டிலேயே ஆயிற்று. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர். ஆவுடை அந்தப் பக்கம் போகவில்லை. அவளை யாரும் கூப்பிடவும் இல்லை, பிள்ளை வர மாட்டேன் என்று நிற்கும் வயிற்றைப் பிரசவ வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்று நினைத்திருக்கலாம். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். பிலோமி கத்தினாள், லூர்து அக்கா செபம் சொன்னாள், சிஸ்டர் அதட்டினாள். பிறகு ஒரு நிமிஷம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு சுவரைக் கிழித்துக்கொண்டு ஓர் அழுகை வந்தது. புதிய, முரட்டு அழுகை.

ஆவுடையின் வயிற்றுக்குள் பிள்ளை திரும்பியது.

"அம்மா, அது ஏன் அழுவுது?"

"பொறந்துட்டுல்ல கண்ணு, அதான்."

"வலிக்குதா?"

"இல்ல. முதல்ல காத்து உள்ள போகும்ல, அப்ப எல்லாப் பிள்ளையும் அழும்."

பிள்ளை கேட்டுக்கொண்டே இருந்தது. அந்த அழுகை ஏறி, இறங்கி, விக்கி, யாரோ மார்பில் அணைத்ததும் அடைத்துப்போய் நின்றது. அது நின்ற இடத்தில் பிள்ளை பேசியது.

"எனக்கும் அழணும்மா."

ஆவுடையின் கை அரிசித் தண்ணீருக்குள் நின்றது.

"இங்க அழ முடியல. ரொம்ப நாளா அழணும் போல இருக்கு. இங்க காத்தில்ல. எல்லாரும் வந்து எங்கிட்ட அழுதுட்டுப் போறாங்க. நான் யாருகிட்டயும் அழுததில்ல. யாரும் என்னத் தொட்டதும் இல்ல."

"நான் இருக்கேன்ல?" என்றாள் ஆவுடை.

"நீ எனக்கு வெளிய இல்லியேம்மா" என்றது பிள்ளை.

அவள் களைந்த தண்ணீரை வாசலில் ஊற்றினாள். உலையை ஏற்றவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு டிஸ்பென்சரிக்கு நடந்தாள். அன்னம்மா சிஸ்டர் பிலோமி வீட்டிலிருந்து அப்போதுதான் திரும்பி, வாசலில் உட்கார்ந்து கால்களில் ஏறிய அட்டைகளுக்கு உப்பு வைத்துக்கொண்டிருந்தாள்.

"சிஸ்டர், பொறக்குற பிள்ளைக்கு என்ன தெரியும்?"

சிஸ்டர் உப்பைக் கீழே வைத்தாள். இந்தக் கேள்விக்காகவே பல வருஷம் காத்திருந்தவள்போல அவளை உட்காரச் சொன்னாள்.

"பால் குடிக்கத் தெரியும். வேற ஒண்ணும் தெரியாது."

"பேசுன பேச்சு?"

"இல்ல மோளே. வெளிச்சம் பட்டதும் எல்லாம் போயிரும். நான் வாங்குன பிள்ளைங்க எத்தனையோ, வரும்போது எல்லாத்துக்கும் முகத்துல ஏதோ ஒரு யோசனை இருக்கும். ஒரு அழுகை. அதோட அது போயிரும்."

"சரி" என்றாள் ஆவுடை.

மறுநாள் காலை பஸ்ஸுக்கு லயம் முழுக்கத் திரண்டிருந்தது. செய்தி எப்படியோ பரவிவிட்டது. போகாதே என்று நேராக ஒருவரும் சொல்லவில்லை. மழைக்கு இன்னும் கொஞ்ச நாள்தானே இருக்கிறது என்றார் மேஸ்திரி. வாத்தியார், பதினாறாம் வாய்ப்பாடு பாதியில் நிற்கிறது என்றார். ஒவ்வொருவராகக் குனிந்து பிள்ளையிடம் விடைபெற்றார்கள். "போயிட்டு வா சாமி", "எங்களை மறந்துராத" என்றார்கள். ஆவுடை பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு, எல்லாரும் முடிக்கட்டும் என்று நின்றாள். பூசாரி திருநீற்றை அவள் வயிற்றில் பூசினார். சிஸ்டர் கூட வருகிறேன் என்றாள், பிலோமிக்கு உதிரம் நிற்காததால் விட்டுவர முடியவில்லை. பெரிய ஆஸ்பத்திரி டாக்டரம்மாவுக்குப் போன் போட்டிருக்கிறேன், பயப்படாதே என்று மட்டும் சொல்லி அவள் கன்னத்தைத் தொட்டாள். பஸ் கிளம்பியது.

ஜன்னலோரம் இடம். வளைவுகளில் பஸ் முனகி முனகி இறங்கியது. மேகத்துக்குள் போனது, மேகத்துக்கு வெளியே வந்தது. சிங்கவால் குரங்கு கத்துவதைப் பிள்ளை கேட்டது, அருவியைக் கேட்டது, பிறகு கீழே வெகுதூரத்தில் சமவெளியின் ஹாரன்களையும் ரைஸ்மில்களையும் கோயில் ரேடியோவையும் ஒன்றாகக் கேட்டது.

"இவ்வளவு பேரு இருக்காங்களாம்மா?"

"இருக்காங்க."

"நீ இவ்வளவு பேருக்கு நடுவுல இருந்தா வந்த?"

"இல்ல கண்ணு. எங்க ஊருல இவ்வளவு பேரு கிடையாது."

அடுத்த வளைவு வந்தது. பக்கத்து இருக்கைக்காரர் வாயைத் துண்டால் மூடிக்கொண்டு தூங்கினார்.

"நான் உன்னை மறந்துருவேன்ல?" என்றது பிள்ளை. டிஸ்பென்சரி வாசலில் பேசியதை அது கேட்டிருந்தது. அது கேட்காத பேச்சு அந்த மலையில் எது?

"ம்."

"மேகத்த மிதிக்காம தாண்டுனது, பாட்டி வளையல், எல்லாம்?"

"ம்."

"நீ மறுபடி சொல்லுவியா?"

"சொல்லுவேன்."

"நாம இப்படிப் பேசிக்கிட்டு இருந்ததையும் சொல்லுவியா?"

"சொல்லுவேன்."

"நான் நம்புவேனா?"

ஆவுடை ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். தேயிலை முடிந்து தேக்குமரங்கள் தொடங்கியிருந்தன. காற்று சூடாக வந்தது.

"மாட்ட" என்றாள்.

பிள்ளை சிரித்தது. சிரித்ததா என்று பின்னாளில் அவளுக்குச் சந்தேகம் வந்தது, பஸ்ஸின் குலுக்கலாகவும் இருந்திருக்கலாம். அதற்குப் பிறகு அது பெரிதாக ஒன்றும் பேசவில்லை. சமவெளி தொட்டதும், "சூடா இருக்கு" என்றது. ஆஸ்பத்திரி வாசலில், "மெல்ல நடம்மா" என்றது. முதுகில் ஊசி போட்டு, ஆவுடைக்கு இடுப்புக்குக் கீழே தன் உடம்பு யாருடையதோ ஆகிப்போய், பச்சைத் துணியைக் கட்டி அவள் வயிறே அவளுக்குத் தெரியாமல் மறைத்தபோது, அந்தத் துணிக்கு அப்பாலிருந்து கடைசியாக அது, "அம்மா" என்று கூப்பிட்டது. ஒன்றும் கேட்பதற்காக இல்லை. சும்மா கூப்பிட்டது. டாக்டரம்மா கையை நிறுத்தி நர்ஸைப் பார்த்தாள், நர்ஸ் டாக்டரம்மாவைப் பார்த்தாள், பிறகு இருவரும் வேலையைத் தொடர்ந்தார்கள்.

பிறகு அழுகை வந்தது.

அந்த அழுகையை ஆஸ்பத்திரியில் வேலை செய்தவர்கள் பல காலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அடக்கி வைத்திருந்த அழுகையெல்லாம் சேர்ந்து வந்ததுபோல இருந்ததாம். மேற்கு லயத்துக்காரர்கள் அழுததும், பிள்ளையில்லாதவர்கள் அழுததும், தனக்கென்று ஒன்றும் அழாமல் இத்தனை மழைக்காலம் கேட்டுக்கொண்டே இருந்ததும் அதற்குள் இருந்ததாம். வார்டில் இருந்த மற்றப் பிள்ளைகளெல்லாம் அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டனவாம். வெகுநேரம் அழுதுவிட்டு, அலுத்துப்போய், ஒரு தும்மலோடு நின்றது.

"பொம்பளப் பிள்ளை" என்று நர்ஸ் கொண்டுவந்து காட்டினாள். "நல்ல தலை!"

மற்றபடி எல்லாப் பிள்ளையையும் போன்ற பிள்ளை. சிவந்து, சுருங்கி, விரல்களை மடக்கிக்கொண்டு இருந்தது. நெற்றியின் மேலே, பல வருஷம் ஒரே இடத்தில் முட்டிக்கொண்டிருந்ததன் தழும்பாக ஒரு வெளிறிய கோடு இருந்தது. ஆவுடை அதைத் தொட்டாள். "கண்ணு" என்றாள். பிள்ளை கண்ணைத் திறந்தது. அந்தக் கண் அவள்மேல் பட்டு, நிற்காமல், சுவருக்குப் போய், விளக்குக்குப் போய், அங்கேயே நின்றது. இத்தனை காலம் இருட்டில் இருந்தது அல்லவா.

"கண்ணு, நான்தான்" என்றாள் ஆவுடை மறுபடியும்.

பிள்ளை வாயைக் கோணி, பாலுக்குத் தேடியது.

மறுநாள் மில்லிலிருந்து சண்முகையா வந்துவிட்டான். எஸ்டேட்டிலிருந்து யாரோ சொல்லி அனுப்பியிருந்தார்கள். காதோரம் நரைத்திருந்தது. கையில் ரொட்டியும் ஒரு சின்னத் துண்டும். பிள்ளையை வாங்கி, சத்தம் வருகிறதா என்று பயந்தவன்போலக் கொஞ்ச நேரம் தூரமாகப் பிடித்திருந்தான். ஒன்றும் வரவில்லை. மெல்ல நெஞ்சோடு சேர்த்தான். அவன் முகம் தளர்ந்தது.

"பேசல" என்றான் சந்தோஷமாக. "நல்லவேளை, எல்லாப் பிள்ளையப் போலத்தான் இருக்கு. இனிமே ஒரு குறையும் இல்ல ஏளா. நான் மேல வந்துருதேன். இல்ல, நீங்க இங்க வந்தாலும் சரி."

ஆவுடை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். தையல் இழுத்தது. கண்ணிலிருந்து தண்ணீர் மூக்கின் மேலாக ஓடித் தலையணையில் இறங்கியது.

"வலிக்குதா?" என்றான்.

"ம்."

அடுத்த கட்டிலில் ஒரு சின்னப்பெண், முந்தின நாள் பிள்ளையைப் பறிகொடுத்தவள், பால் கட்டிய மார்பில் துணியை இறுக்கிக்கொண்டு படுத்திருந்தாள். அவள் ஆவுடையையே பார்த்தாள். "உங்க பிள்ளைதான் உசுரோட இருக்கேக்கா. ஏன் அழுறீங்க?" என்றாள். குற்றமாகக் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்டாள்.

ஆவுடை அவளுக்கு என்ன சொல்வாள்? செத்தவர்கள் யாரும் இல்லை. எடுத்துப் போக உடம்பு இல்லை, ஒப்பாரி வைக்கப் பெயர் இல்லை. இத்தனை வருஷம் தன்னோடு ஒரே மூச்சில் இருந்த ஒருத்தி போய்விட்டாள், போனவள் இதோ நெஞ்சில் படுத்துப் பால் குடிக்கிறாள் என்றால் அதற்கு எந்த ஊரிலும் துக்கம் கேட்க ஆள் வராது. "ஒண்ணுமில்லம்மா" என்றாள்.

சண்முகையா டீ வாங்கி வருகிறேன் என்று கிளம்பினான். வார்டில் மத்தியான வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலோடு தரையில் கிடந்தது. ஆவுடை பிள்ளையை எடுத்து இடப்பக்கம் போட்டுக்கொண்டாள். வயிற்றின்மேல் கை வைத்தாள். அது தளர்ந்து, காலியாக, அழைத்தால் ஒன்றும் திரும்பி வராத இடமாக இருந்தது. கையை எடுத்துவிட்டாள்.

பிள்ளை பாலை விட்டுவிட்டு, யாரையும் தெரியாத கண்ணால் மேலே பார்த்தது. ஆவுடை தொண்டையைச் செருமிக்கொண்டாள். புதிதாக ஓர் ஊருக்கு வந்து, முதன்முதலாக ஒருவரிடம் பேச்சுக் கொடுக்கிறவள்போலக் கூச்சத்தோடு, மெதுவாகத் தொடங்கினாள்.

"என் பேரு ஆவுடைத்தாய். எனக்குச் சங்கரன்கோயில் பக்கம்..."